கீழ்வீட்டாரின் தொழுகை

 

  

இன்று அடியேன் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அடுக்குமாடிக் கட்டடங்களில் பல வீட்டாருக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாயைப் பற்றியும், கழிப்பறை அடைப்பைப் பற்றியும் பேசப்போகிறேன். பள்ளிவாசலில் பேசும் பேச்சா இது என்று நினைப்பவர்கள் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நபி உங்களுக்கு மலஜலம் கழிப்பதைக்கூடவா கற்றுத் தருகிறார் என்று இணைவைப்போர் ஏளனமாகக் கேட்டபோது, அந்த ஸஹாபி வெட்கப்படவில்லை. ஆம், கற்றுத் தந்தார்கள் என்று சொல்லி, எத்திசையை முன்னோக்கக் கூடாது, எக்கையால் சுத்தம் செய்யக் கூடாது என்பதையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதற்பாடமே தஹாரத்துதான். தொழுகையின் பாடம் அதற்குப் பிறகே வருகிறது.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அதில் அடியேனுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்.

சென்னை மண்ணடிப் பக்கத்தில், தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும் கொண்ட பழைய கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறேன். தளத்திற்கு இரண்டு வீதம் எட்டு வீடுகள். அடியேன் இருப்பது மூன்றாம் மாடியில். தரைத்தளத்தில் ஒரு வீட்டில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கட்டடத்தில் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் அவரை ‘உம்மா’ என்றே அழைப்போம். எதிர்வீட்டில் ஓர் இந்துக் குடும்பம். கணவர் அச்சகத்தில் பணியாற்றுகிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது உம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். வீட்டிலே இருந்துகிட்டே நான் தொழுகையைக் களாச் செய்யலாமா?” என்று கேட்டார்.

திடுக்கிட்டுப்போய்க் காரணம் கேட்டேன். உடனே சொல்லவில்லை. வற்புறுத்திய பிறகே சொன்னார். நான்கு நாட்களாக அவருடைய கழிப்பறைப் பீங்கானிலிருந்தும் குளியலறைத் தரைச் சல்லடையிலிருந்தும் கழிவுநீர் மேலே பொங்கி வருகிறது. நடுக்கூடம் வரை பரவுகிறது. முழங்கால் வலியோடு குனிந்து அள்ளிக் கொட்டுகிறார், கழுவுகிறார். கழுவி முடித்து முஸல்லாவை விரிப்பதற்குள் மாடியில் யாரோ தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், மறுபடியும் வருகிறது. உடை நஜீஸ், இடம் நஜீஸ். உளூச் செய்யக் குளியலறைக்குள் காலை வைக்க முடியவில்லை. ஃபஜ்ரு நேரத்தில்தான் மிக மோசம் என்றார். ஏனென்று உங்களுக்குப் புரிகிறதா? ஃபஜ்ரு நேரத்தில் மேலே இருக்கும் நாங்கள் எல்லாரும் எழுந்து உளூச் செய்கிறோம்!

நான் உளூச் செய்த தண்ணீர் அவருடைய உளூவைத் தடுத்திருக்கிறது. நான் தொழவைக்கப் புறப்பட்ட நேரத்தில், என் வீட்டுக் கழிவு இறங்கி ஒரு முஃமினான மூதாட்டியின் தொழுகையிடத்தை நஜீஸாக்கியிருக்கிறது. நான்கு நாட்கள் நான்கு வேளை அவர் வாசலைக் கடந்து பள்ளிக்கு வந்திருக்கிறேன், ஸலாம் சொல்லியிருக்கிறேன், எனக்கு எதுவும் தெரியாது.

எதிர்வீட்டில் விசாரித்தால் அங்கும் அதே நிலை. அந்தச் சகோதரர் விடியுமுன் எழுந்து வாளியில் அள்ளித் தெருச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பினாயில் தெளித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் மேலே வந்து சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “பண்டிகை நேரம் பாய், விருந்தாளிங்க வந்திருந்தாங்க, சங்கடப்படுத்த வேணாம்னு பார்த்தேன்” என்றார். அந்தச் சொல் இன்றளவும் என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

மேலிருப்பவர் காண்பதில்லை

இது ஏன் எப்போதும் கீழ்வீட்டிலேயே பொங்குகிறது? குழாயின் அமைப்பு அப்படி. மாடிவீடுகளின் கழிப்பறைகளிலிருந்து வரும் கழிவு யாவும் பெரும்பாலும் 4 அங்குலக் குழாய் ஒன்றில் சேர்ந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. சமையலறைத் தண்ணீர் அதனினும் குறுகிய வேறொரு குழாயில் வருகிறது. இரண்டும் தரைமட்டத்திலுள்ள சேம்பர் தொட்டியில் சந்தித்து, அங்கிருந்து தரைக்கடியில் சாய்வாகப் பதித்த குழாய் வழியாகத் தெருவிலுள்ள பெரிய குழாய்க்குச் செல்கின்றன. அந்தச் சாய்வு ஏறத்தாழ 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இருக்கவேண்டும். செங்குத்தாக விழும்போது எதுவும் அடைத்துக்கொள்வதில்லை. கீழே வந்து திரும்பும் முழங்கையிலும், சேம்பரின் வாயிலும், சாய்வு குறைந்த இடத்திலுமே தங்கும்.

அடைத்த பிறகு மாடியிலிருப்பவர் ஒவ்வொரு முறை தண்ணீர் திறக்கும்போதும் 6 முதல் 10 லிட்டர் வரை இறங்குகிறது. போக வழியில்லாத தண்ணீர் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே வெளியேறும். மிகத் தாழ்வான திறப்பு தரைத்தளத்து வீட்டின் பீங்கான்! மூன்றாம் மாடிக்காரருக்கோ தண்ணீர் வழக்கம்போலச் சுழன்று இறங்கி மறைந்துவிடுகிறது. அவர் வீடு மணக்கிறது. அவர் செய்த தீங்கை அவரே என்றும் காணமாட்டார்.

புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகிறார்கள். தண்ணீருக்காக மேலே வந்துபோகும் கீழ்த்தளத்தார், மேலுள்ளோருக்குத் தொல்லை வேண்டாமே என்று தங்கள் பகுதியில் ஓட்டை போட எண்ணுகிறார்கள். மேலுள்ளோர் தடுத்தால் அனைவரும் பிழைப்பர், விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தால் மேலிருப்பவனும் சேர்ந்து மூழ்குவான். அந்த அச்சமாவது அவனைத் தட்டி எழுப்பும். நமது அடுக்குமாடியில் அந்த அச்சமும் இல்லை. கீழிருப்பவர் மட்டுமே மூழ்குகிறார். ஆகவே நமக்கு அல்லாஹ்வின் அச்சத்தைத் தவிர வேறு தடுப்பு இல்லை.

ஸஹ்ல் (ரஹ்) அவர்களும் அண்டை வீட்டாரும்

இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் பெரும்பாவங்களைப் பற்றிய தமது நூலில், அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைத்தலைப் பேசும் இடத்தில் ஒரு வரலாற்றை எடுத்துக்காட்டுகிறார்கள். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைநேசர் ஸஹ்ல் இப்னு அப்தில்லாஹ் அத்துஸ்தரீ (ரஹ்) அவர்களின் அண்டை வீட்டில் நெருப்பை வணங்கும் ஒருவர் வசித்துவந்தார். அவருடைய கழிப்பறையில் ஏற்பட்ட ஓட்டை வழியே கழிவு ஸஹ்ல் அவர்களின் வீட்டுக்குள் விழுந்தது. ஸஹ்ல் அவர்கள் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, பகலெல்லாம் நிரம்பியதை இரவில் யாரும் காணாமல் எடுத்துச்சென்று கொட்டிவந்தார்கள். நெடுங்காலம் இப்படியே கழிந்தது. மரண வேளை நெருங்கியதும் அண்டை வீட்டாரை அழைத்து அந்த அறையைக் காட்டினார்கள். எனக்குப் பின் வருவோர் உம்மிடம் இவ்வாறு பொறுமையாக நடப்பார்களோ மாட்டார்களோ என்ற அச்சத்தினாலேயே இப்போது சொல்கிறேன் என்றார்கள். அந்த மனிதர் உருகிப்போய் அவ்விடத்திலேயே கலிமாச் சொன்னார் என்று வரலாறு முடிகிறது.

மேடைகளில் நாம் இதைப் பொறுமைக்குச் சான்றாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அடியேனும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உம்மாவின் வாசற்படியில் நின்ற அன்றுதான் இன்னொரு புறம் கண்ணில் பட்டது. கழிவை ஒழுகவிட்ட மனிதர் கெட்டவர் அல்லர். தெரிந்தவுடன் உருகியவர். அவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான். அத்தனை காலம் அவர் ஒருமுறைகூட, என் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அன்று நெருப்பை வணங்கியவரின் கழிவை முஸ்லிம் அள்ளினார். எங்கள் கட்டடத்தில் முஸ்லிம்களின் பெருநாள் கழிவை ஓர் இந்துச் சகோதரர் அள்ளினார், ஒரு வார்த்தை பேசாமல். ஸஹ்ல் (ரஹ்) அவர்களின் இடத்தில் யார் இருந்தார், எங்களின் இடம் எது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பொறுமை, துன்பத்துக்கு உள்ளானவர் தாமாக எடுத்துக்கொள்ளும் சிறப்பு. துன்பம் தருபவர் அதைக் கேட்டுப் பெறும் உரிமை அன்று. அண்டை வீட்டாரைப் பற்றி முறையிட வந்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் பொறுமை கொள்ளச் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் வந்து முறையிட்டபோது, வீட்டுச் சாமான்களை எடுத்துத் தெருவில் வைக்கச் சொன்னார்கள். வருவோர் போவோரெல்லாம் காரணம் கேட்டார்கள், ஊரே அறிந்துகொண்டது, தீங்கு செய்தவர் ஓடிவந்து, இனி உங்களுக்கு வெறுப்பானது எதையும் செய்யமாட்டேன், வீட்டுக்குத் திரும்புங்கள் என்று மன்றாடினார். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. எனவே தரைத்தளத்தில் குடியிருப்போரே, மேலே வந்து கதவைத் தட்டுங்கள்! அது பொறுமைக்கு மாறானதன்று. உம்மாவிடமும் அதையே சொன்னேன். தொழுகையைக் களா ஆக்க வேண்டாம், எந்த வேளையானாலும் எங்கள் வீட்டு முஸல்லா உங்களுக்குரியது என்றேன். மூன்று மாடி ஏறமுடியாது என்றார். முதல் மாடி வீட்டார் இடம் கொடுத்தார்கள்.

சேம்பரிலிருந்து வந்தவை

மறுநாள் குழாய்ப் பணியாளர் வந்து சேம்பர் மூடியைத் திறந்து, மூங்கில் பிளாச்சு விட்டு ஆட்டினார். அரைமணி நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு வெள்ளைப் பாறைபோல ஒரு கட்டி உடைந்து வந்தது. தொட்டுப் பார்த்தவர், “கொழுப்பு ஹஜ்ரத், ஆட்டுக் கொழுப்பு” என்றார். அதற்குள் சிக்கிக்கொண்டு ஷாம்பு உறைகள், முடிச்சுருள், தேங்காய் நார், சோற்றுப் பருக்கை, பெண்கள் மாதவிலக்கில் பயன்படுத்தும் நாப்கின்கள் நான்கைந்து.

எட்டு வீட்டாரும் சுற்றி நின்றோம். எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். கொழுப்பில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பெருநாளன்று என் வீட்டில் குர்பானிக் கறி சமைத்த தேக்சாவில் கொதிநீரை ஊற்றிக் கழுவித் தொட்டியில் கவிழ்த்ததை நானே பார்த்தவன். சூடாக இருக்கும்போது அது தண்ணீர்போல ஓடும். குளிர்ந்த குழாயைத் தொட்டவுடன் மெழுகாக உறையும். நாளடைவில் சோப்போடும் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடும் கூடிக் கல்லாகும். 2017இல் இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி உறைந்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. நம் வீட்டு வலீமாச் சட்டி அதன் குழந்தைதான். சட்டியில் எஞ்சும் நெய்யையும் கொழுப்பையும் ஆறவிட்டுப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவினால் போதும். இரண்டு நிமிட வேலை.

நாப்கினைப் பற்றிப் பேச ஆலிம்கள் தயங்குகிறார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்களே! தகப்பன்மாரே, கணவன்மாரே, இதை வீட்டில் சொல்லுங்கள். அந்தப் பஞ்சுப்பட்டையின் உள்ளே நீரை உறிஞ்சிப் பல மடங்கு பருக்கும் பொருள் இருக்கிறது; அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. இரண்டும் கரையமாட்டா. குழந்தைகளின் டயப்பர், ஈரத்துடைப்பான் தாள் ஆகியவையும் அப்படியே. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகளே இவற்றைப் பொதிந்து தனியே தரவேண்டும் என்று கூறின. அப்படியிருந்தும் பெண்கள் ஏன் கழிப்பறையில் போடுகிறார்கள்? குப்பைக்கூடை வீட்டின் நடுவில், ஆண்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. கழிப்பறைக்குள் மூடியுள்ள சிறு கூடையொன்றை வாங்கி வைக்க எந்த ஆணுக்கும் தோன்றவில்லை. குற்றம் பெண்கள் மீதா, நம் மீதா?

அங்கே நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். கட்டி வெளியே வந்ததும் எது யார் வீட்டுப் பொருள் என்ற கிசுகிசு தொடங்கிவிட்டது. ஒரு வீட்டுப் பெண்ணைச் சுட்டி இழிவாகப் பேசினார்கள். கப்ரில் வேதனை செய்யப்படும் இருவரைப் பற்றிய ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் சிறுநீர் அசுத்தத்தைப் பேணாதவர். மற்றவர் கோள் சொல்லித் திரிந்தவர். இவ்விரண்டையும் ஒரே செய்தியில் ஏன் இணைத்தார்கள் என்று படிக்கும் காலத்தில் வியந்திருக்கிறேன். அந்தச் சேம்பரைச் சுற்றி நின்றபோது இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

செலவு யாருடையது?

அடைப்பு எடுத்தாயிற்று. உடைந்த முழங்கையை மாற்றி, தரைக்கடியில் சாய்வு தாழ்ந்துபோன குழாயைத் தோண்டிப் புதிதாகப் பதிக்கவேண்டும் என்றார் பணியாளர். உடனே எழுந்தது வழக்கு. பழுது தரைத்தளத்தில், எனவே தரைத்தளத்தார்தாம் கொடுக்கவேண்டும் என்றார் ஒருவர். நான் வாடகைக்கு இருப்பவன், உரிமையாளர் துபையில் இருக்கிறார் என்றார் மற்றொருவர். எங்கள் மாடியில் இதுநாள்வரை அடைப்பே வந்ததில்லையே என்றார் மூன்றாமவர். உங்கள் கட்டடத்திலும் இதே வசனங்களைக் கேட்டிருப்பீர்கள்.

நமது ஃபுகஹாக்கள் இந்த வழக்கை நமக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறார்கள். கழிவுநீர் பிறர் இடத்தின் வழியே ஓடும் உரிமைக்கு ‘ஹக்குல் மஸீல்’ என்றே பெயரிட்டுத் தனிச் சட்டம் வகுத்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத்தொகுப்பு, பலருக்கும் பொதுவான கழிவுநீர்க் கால்வாயைத் துப்புரவு செய்யும் செலவைப் பற்றிப் பேசுகிறது. ஆற்றுக்கால்வாயைத் தூர்வாரும்போது மேலிருந்து தொடங்கவேண்டும். கழிவுநீர்க் கால்வாயிலோ கீழிருந்து தொடங்கவேண்டும். மிகக் கீழே உள்ள பகுதியின் செலவில் அனைவருக்கும் பங்கு உண்டு. வேலை மேலே செல்லச் செல்லக் கீழே உள்ளவர் ஒவ்வொருவராக விடுபடுவார். மிக மேலே இருப்பவர் கடைசிவரை பங்கு செலுத்துவார்.

நீதியின் நுட்பத்தைப் பாருங்கள்! கீழிருப்பவரின் கழிவு சில அடி தூரமே ஓடுகிறது. மேலிருப்பவரின் கழிவோ குழாயின் முழுநீளத்தையும் பயன்படுத்துகிறது. ஆகவே பழுது எங்கே தெரிகிறது என்பதைப் பார்க்கவில்லை. யார் எவ்வளவு குழாயைப் பயன்படுத்துகிறார் என்பதைப் பார்த்தார்கள். அந்தச் சட்டம் தரையில் ஓடும் கால்வாயைப் பற்றியது என்று எங்கள் கட்டடத்து வழக்கறிஞர் ஒருவர் மறுத்தார். உண்மைதான். ஆயினும் அதன் காரணம் நிமிர்ந்து நிற்கும் குழாய்க்கும் பொருந்துகிறது என்பதே அடியேனின் கருத்து. உடைந்த முழங்கையின் வழியாக அதிகம் இறக்கியவர்கள் மூன்றாம் மாடிக்காரர்களாகிய நாங்கள். முதலில் நானே என் பங்கை எடுத்துவைத்தேன். அடுத்து இரண்டாம் மாடி. துபையிலிருப்பவரும் மறுநாளே அனுப்பிவைத்தார். அவரிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவே இல்லை! உம்மாவும் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வாங்க மறுத்தோம். தமக்கும் பங்கு உண்டென்று கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டோம்.

ஓர் உயிரின் விலை

இவ்வளவும் சிறியது. பெரியது இனிமேல்தான் இருக்கிறது.

பேச்சு நடக்கும்போதே ஒருவர், இயந்திர வண்டிக்கெல்லாம் காத்திருப்பானேன், ஓர் ஆளைக் கூட்டிவந்து தெருமுனைக் குழிக்குள் இறக்கிவிட்டால் அரைமணியில் முடித்துவிடுவான் என்றார். தீய எண்ணத்தில் சொல்லவில்லை. உம்மாவின் துன்பம் சீக்கிரம் தீரட்டும் என்றுதான் சொன்னார்.

அல்லாஹ்வுக்காக, அந்த வார்த்தையை எவரும் வாயில் எடுக்காதீர்கள். மூடிக்கிடக்கும் குழியில் அழுகிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடியதும் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் ஓரிரு மூச்சில் சாய்கிறார். காப்பாற்ற இறங்குபவரும் சாய்கிறார். மனிதர்களைக் கழிவுக் குழிக்குள் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்து, முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை கூடியதே தவிர இறங்குவோர் யார் என்பது மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அந்தக் குழியோரம் நிறுத்தப்பட்டவர்களே இறங்குகிறார்கள். ஆதமின் மக்கள் அனைவரும் சமம் என்று பாங்கொலியில் ஒன்றுகூடும் நாம், நமது கறிச்சட்டியின் கொழுப்பை அள்ள ஓர் ஆதமின் மகனை மூச்சுத்திணற அனுப்பலாமா? அவர் தாமே சம்மதித்து வந்தார் என்று சொல்வது மறுமையில் நிற்காது. வறுமையின் சம்மதம் சம்மதமாகாது.

தெருக்குழாய் அடைத்திருந்தால் சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொன்னால் உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சும் வண்டியை அனுப்புவார்கள். எங்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருக்க நேர்ந்தது. அந்த நேரத்தில் மாடிவீட்டார் அனைவரும் வீட்டில் தண்ணீர் திறப்பதை நிறுத்திக்கொண்டு, பள்ளிவாசலின் கழிப்பறைக்கு வந்துபோனோம். பெண்கள் உறவினர் வீடுகளுக்குச் சென்றார்கள். சிரமம்தான். கீழ்வீட்டார் நான்கு நாட்கள் பட்டதில் ஒரு நாளை மேல்வீட்டார் பட்டோம்.

அவசரத்தில் ஆஸிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சிறிய கழிப்பறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. அதனால் கொழுப்பும் கரையாது, துணியும் கரையாது. பீங்கானுக்குள் ‘களக் களக்’ என்று ஒலி கேட்டாலோ, பீங்கானில் நீர்மட்டம் ஏறி இறங்கினாலோ குழாய் உங்களிடம் முன்கூட்டியே முறையிடுகிறது என்று பொருள். மொட்டைமாடிக்கு மேல் நீண்டிருக்கும் காற்றுக்குழாயை அழகாக இல்லையென்று அறுத்து மூடுவோர் உண்டு. அது இல்லாவிட்டால் குழாய் மூச்சுவிட முடியாது. மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவைத்திருப்போரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தளம் நாறுவதற்கு அது ஒரு பெரும் காரணம். புதிதாகக் கட்டுவோர் தரைத்தளக் கழிப்பறைக்கு மாடிக்குழாயோடு சேராமல் சேம்பருக்குத் தனிக்குழாய் கேட்டு வாங்குங்கள். நமது பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்துக் கழிப்பறையில் மிஸ்வாக் குச்சியையும் சோப்பு உறையையும் போடுவோரைப் பற்றி முத்தவல்லி அவர்கள் சொல்லச் சொன்னார்கள்; சொல்லிவிட்டேன்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பாதை என்றால் நாம் தெருவை மட்டுமே நினைக்கிறோம். சுவருக்குள் மறைந்தோடும் இந்தக் குழாயும் எட்டு வீட்டாரின் பொதுப்பாதைதான். யா அல்லாஹ், நாங்கள் அறியாமல் எங்கள் அண்டை வீட்டாருக்கு இழைத்த தீங்குகளை எங்களுக்கு அறியச் செய்வாயாக, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவைத் தருவாயாக! ஆமீன்.

வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் எங்கள் கட்டடத்துச் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்கவிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் திறப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இது முதல் தடவை. எதிர்வீட்டு அச்சகச் சகோதரரிடம் சாவி இருக்கிறது. பக்கத்துக் கட்டடங்களில் இருப்போர் வந்து பார்த்துக்கொள்ளலாம். உம்மா தேநீர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.